முதலில் முன் ஃபோர்க், பிறகு விலை

கேள்வி: நான் உப்புவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர். நானும் என் மைத்துனரும் சேர்ந்து, துருவேறிக் கிடந்த, பிரித்தானியத் தயாரிப்பான ஒரு பழைய பி.எஸ்.ஏ. எம் 20 மோட்டார் சைக்கிளை 2017ஆம் ஆண்டில் வாங்கி, ஆறு ஆண்டுகள் செலவிட்டுத் திருத்தி எடுத்தோம். பதிவு என் பெயரில் உள்ளது. மகளின் படிப்புச் செலவுக்காக இப்போது அதை விற்க வேண்டியிருக்கிறது. கண்டியிலிருந்து ஒரு வைத்தியர் படங்களைப் பார்த்து விரும்பி, அடுத்த மாதம் நேரில் வந்து பார்ப்பதாகவும், பிடித்துவிட்டால் அதிலேயே ஊருக்கு ஓடிக்கொண்டு போவதாகவும் சொல்கிறார். ஆனால் சில குறைகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. எஞ்சின் சூடானபின் நிறுத்தினால் அரை மணி நேரத்துக்குக் கிளம்பாது. நாலைந்து நாள் நின்றால் தாங்கியில் உள்ள ஒயில் எஞ்சினுக்குள் இறங்கிவிடும் என்பதால், ஒயில் குழாயில் திறந்து மூடும் ஒரு டாப் பொருத்தியிருக்கிறோம். இரண்டாம் கியர் சில வேளைகளில் தானாகக் கழன்றுவிடும். முன்சில்லைத் தாங்கும் முன் ஃபோர்க்கின் வலப்புறக் குழாயில் இருந்த வெடிப்பை வெல்டிங் செய்து, அரத்தால் தேய்த்து, பூச்சடித்திருக்கிறோம். எஞ்சின் வேறொரு எம் 20இலிருந்து வாங்கியது. பதிவுப் புத்தகத்தில் பழைய எஞ்சின் இலக்கமே இருக்கிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஒரே உதையில் ஓடவைத்துக் காட்டினால் போதும், பழைய வாகனத்தை வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்று மைத்துனர் சொல்கிறார். 1942ஆம் ஆண்டு ஜப்பானியக் குண்டுவீச்சின்போது திருகோணமலையில் ஓடிய வாகனம் என்று விளம்பரத்தில் எழுதவும் விரும்புகிறார். நான் எவற்றைச் சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்ல வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஆறு ஆண்டுகள் கைப்பட உழைத்த ஒரு வாகனத்தின் குறைகளை ஒன்றும் விடாமல் எழுதி அனுப்ப மனம் வருவது இலேசான காரியமன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மாவட்டத்தில் வாகனங்களைப் பரிசோதித்து மதிப்பிட்டு வருகிறேன். விற்பவரின் வாயிலிருந்தே குறையைக் கேட்ட நாட்கள் மிகச் சிலதான். ஆகவே உங்களுக்கு விரிவாகவே எழுதுகிறேன், உங்கள் மைத்துனரும் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நீங்கள் எழுதியுள்ள ஐந்து குறைகளில் நான்கைச் சொல்லிவிட்டு விற்கலாம். முன் ஃபோர்க்கின் வெடிப்பைச் சொல்லிவிட்டும் விற்கக் கூடாது. வாங்குபவர் "பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் இது மாறாது. அந்த வாகனம் ஓடும் தெருவில் அவர் மட்டும் போவதில்லை. ஆகவே எதைச் சொல்வது என்பதற்கு முன்னர், எதைச் சரிசெய்வது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

எம் 20இன் முன் ஃபோர்க் இன்றைய மோட்டார் சைக்கிள்களில் காண்பதைப் போன்று ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் குழாய் அன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதற்குப் பின்னர் சில ஆண்டுகளும் வந்த எம் 20களில் கிர்டர் வகை ஃபோர்க்கே இருந்தது. மெல்லிய எஃகுக் குழாய்கள் வார்ப்பு இணைப்புகளுக்குள் செருகப்பட்டு, பித்தளை ஒட்டால் பிணைக்கப்பட்டு, முழுச் சட்டமும் நடுவில் உள்ள ஒரே சுருள்வில்லின் துணையோடு மேலும் கீழும் அசைகிறது. ஏறத்தாழ 170 கிலோ நிறையுள்ள வாகனமும் அதில் இருப்பவரும் ஒரு குழியில் விழும்போது எழும் அடியையும், முன் பிறேக்கைப் பிடிக்கும்போது எழும் இழுவையையும் அந்தக் குழாய்கள்தான் தாங்குகின்றன. வெடித்த இடத்தில் சாதாரண வெல்டிங் வைத்தால் வைத்த இடம் கடினமாகும். அதை ஒட்டிய இடம் கடுஞ்சூடு பட்டு ஆறியதில் தன் பழைய குணத்தை இழந்துவிடும். அடுத்த வெடிப்பு பெரும்பாலும் வெல்டிங்கில் வராது, அதற்கு அரை விரல் தள்ளித்தான் வரும். நீங்கள் வெல்டிங்கை அரத்தால் தேய்த்து மட்டமாக்கியிருப்பதால் இருந்த தடிப்பும் குறைந்திருக்கிறது. மேலே பூச்சும் அடித்திருப்பதால், புதிய வெடிப்பு தொடங்கினாலும் கண்ணுக்குத் தெரிய வழியில்லை.

இதை நீங்களே ஒரு பிற்பகலில் சோதித்துப் பார்க்கலாம். அந்த இடத்திலும் அதற்கு மேலும் கீழும் ஒரு சாண் தூரத்துக்குப் பூச்சை மருந்து போட்டு உரித்துவிடுங்கள். அரத்தையோ கம்பித் தூரிகையையோ பயன்படுத்த வேண்டாம், வெடிப்பின் வாய் அடைபட்டுவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அங்கே சுற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் ஈரம் சிறிதும் இல்லாமல் துடைத்து, சோக்கைத் தூளாக்கித் தண்ணீரில் அல்லாமல் ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிதாகப் பூசி உலர விடுங்கள். வெடிப்புக்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து அந்த வெள்ளையில் ஊறும். பல ஆண்டுகளுக்கு முன்னர், வாங்கி மூன்று வாரமே ஆன ஒரு மோட்டார் சைக்கிளை ஓர் இளைஞர் என்னிடம் கொண்டுவந்தார். வளைவுகளில் முன்பக்கம் ஒரு மாதிரி அசைகிறது என்பதைத் தவிர அவருக்கு வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை. பளபளவென்று இருந்த பூச்சை உரித்து இந்தச் சோதனையைச் செய்தபோது, காய்ந்த வெள்ளைக்குள் தலைமயிரளவு ஒரு கருங்கோடு மெதுவாக எழுந்து, குழாயின் சுற்றில் பாதிக்கு மேல் ஓடி நின்றது. கன்னியா வீதியில் அன்று காலைதான் தன் தாயாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்ததாக அவர் சொன்னார். அந்தக் கோட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

சோதனையில் கோடு தெரியாவிட்டாலும் அந்தக் குழாயை நம்ப வேண்டாம். எம் 20 ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்ட மாதிரி. போர்க்கால மோட்டார் சைக்கிள்களில் உதிரிப்பாகம் தேடுவதற்கு இதைவிட இலகுவானது குறைவு. பழைய வாகனம் வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் முழு ஃபோர்க்காகவே கிடைக்கும். கிடைப்பதையும் இதே சோதனைக்கு உட்படுத்திவிட்டே பொருத்துங்கள். கிடைக்கத் தாமதமானால், பித்தளை ஒட்டு வேலையில் கைதேர்ந்த ஒருவரைக் கொண்டு, அதே விட்டமும் அதே தடிப்பும் உள்ள, மூட்டில்லாத எஃகுக் குழாயை இணைப்பிலிருந்து இணைப்பு வரை முழுதாக மாற்றலாம். வெடித்த குழாயின் மேல் இன்னொரு குழாயைச் சொருகி ஒட்டும் வேலையை எந்தக் கராஜ் சொன்னாலும் ஏற்க வேண்டாம். இது முடியும் வரை வைத்தியர் மட்டுமல்ல, நீங்களும் உங்கள் மைத்துனரும்கூட அதில் ஏறக் கூடாது. வைத்தியர் அவசரப்பட்டு, இருக்கிற நிலையிலேயே வேண்டும் என்று கேட்டால், ஃபோர்க்கைக் கழற்றித் தனியாகக் கட்டி, ஓட முடியாத வாகனமாக லொறியில் ஏற்றி அனுப்புங்கள். அந்த நிலையில் விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இனிச் சூடான எஞ்சின் கிளம்பாத விடயம். குறையாகப் பார்த்தால் இது பெரிதன்று. ஆனால் வாங்குபவர் இங்கிருந்து கண்டிக்கு ஓடப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டார். ஆகவே குறையின் அளவை இனி அந்தப் பாதை தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தூரம். கந்தளாயைக் கடந்து ஹபரணை வரையிலான காட்டுப் பாதையில் மாலையில் யானை குறுக்கே வருவது நமக்கெல்லாம் பழகிய செய்தி. தேநீர் குடிக்கவோ பெற்றோல் அடிக்கவோ ஒரு தடவை நிறுத்திய பிறகு, பொழுது சாயும் வேளையில், இருமருங்கும் காடாக இருக்கும் இடத்தில் கிளம்பாத எஞ்சினை உதைத்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். உங்கள் மைத்துனரின் யோசனைப்படி அவருக்குக் காலையில் குளிர்ந்த எஞ்சினை மட்டும் காட்டி அனுப்பினால், அவரை அந்த இடத்தில் நிறுத்துவது நாமாகவே இருப்போம்.

காரணம் பெரும்பாலும் மக்னெற்றோவாக இருக்கும். பற்றரியின் துணையில்லாமல் தீப்பொறியை உண்டாக்கும் அந்த லூக்காஸ் மக்னெற்றோவுக்குள், சுழலும் ஆமேச்சரில் மெல்லிய செப்புக் கம்பிச் சுற்றுகளோடு ஒரு கண்டென்சரும் அடைபட்டிருக்கிறது. எழுபது எண்பது ஆண்டு பழசான அதன் மின்காப்பு, சூடேறும்போது பலவீனப்படும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் வரை மக்னெற்றோ வேகமாகச் சுழல்வதால் குறையுள்ள பொறியே போதுமானதாக இருக்கும்; நிறுத்திவிட்டுக் காலால் உதைக்கும்போது சுழற்சி மெதுவானது, அந்த வேகத்தில் பொறி பிறப்பதில்லை. ஆறியதும் மீண்டும் பிறக்கும். இதை உறுதிப்படுத்த, அடுத்த தடவை சூட்டில் நின்றவுடன் பிளக்கைக் கழற்றி, தலையின் இரும்பில் படும்படி வைத்து உதைத்துப் பாருங்கள். பெற்றோல் நனைந்த இடத்திலிருந்து பிளக்கைத் தள்ளி வையுங்கள். பொறி இல்லை, அல்லது மங்கிய மஞ்சளாக இருக்கிறது என்றால் ஆமேச்சரைத் திறந்து கண்டென்சரை மாற்றி, கம்பியையும் புதிதாகச் சுற்ற வேண்டும். நீலமாகப் பலமான பொறி வந்தால் மக்னெற்றோவை விட்டுவிட்டுக் காபரேற்றரைப் பாருங்கள்.

மக்னெற்றோவைச் சுற்றுவதற்கு முன்னரே விற்பதில் தவறில்லை. அப்படியானால் சொல்வதோடு நிறுத்தாமல் காட்டுங்கள். வைத்தியர் வரும்போது எஞ்சின் குளிர்ந்தே இருக்கட்டும். தொட்டுப் பார்த்து அறியட்டும். முதல் உதையை அவரே உதைக்கட்டும். ஃபோர்க் மாற்றப்பட்டிருந்தால், நிலாவெளி வரை போய் வாருங்கள். வந்ததும் நிறுத்தி, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் அவரையே உதைக்கச் சொல்லுங்கள். கிளம்பாமல் நிற்பதை அவர் தன் காலால் உணர்ந்த பிறகு, இந்த நிலையில் கண்டி வரை ஓடக் கூடாது, லொறியில் கொண்டுபோங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஒயில் டாப்பைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதற்கு அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. ஒயிலைத் தனித் தாங்கியில் வைத்திருக்கும் அந்தக் காலத்துப் பிரித்தானிய எஞ்சின்கள் பலவற்றில், நாட்கணக்கில் நின்றால் ஒயில் பம்பைத் தாண்டிக் கீழே இறங்குவது வழக்கம்தான். அடுத்த தடவை ஓடவைக்கும்போது பின்னால் புகை மண்டும், சிறிது நேரத்தில் தெளியும். இதைச் சொன்னால் பழைய மோட்டார் சைக்கிள் தெரிந்த எவரும் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் நீங்கள் பொருத்திய டாப் வேறு விதமான ஆபத்து. அதை மூடியபடியே ஒருவர் எஞ்சினை ஓடவிட்டால் ஒயில் போகாது. சில நிமிடங்களில் எஞ்சின் சுழல முடியாமல் இறுகிப் பிடித்துவிடும், ஓடிக்கொண்டிருக்கும்போது பிடித்தால் பின்சில்லு இறுகி ஆளையும் விழுத்தும். உங்களுக்கு அது கைப்பழக்கம். வைத்தியருக்கோ அப்படியொரு டாப் இருப்பதே தெரியாது. அதைக் கழற்றிவிட்டு ஒயில் இறங்கும் குறையோடு விற்பதே நல்லது; பம்பின் குண்டு வால்வையும் அது உட்காரும் இடத்தையும் சீர்செய்தால் குறை கணிசமாகத் தணியும். வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால், டாப் மூடியிருக்கும்போது மக்னெற்றோ வேலை செய்யாதபடி அதோடு ஒரு சுவிட்சை இணைக்கலாம். அவ்வாறு செய்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால், ஒப்படைக்கும் நாளில் அவரைக் கொண்டே அதை மூன்று தடவை திறந்து மூடச் செய்து, விற்பனைக் கடிதத்தில் முதல் வரியாக அதை எழுதுங்கள்.

இரண்டாம் கியர் கழல்வது, பற்கள் தேய்ந்ததாலோ நெம்புகோலின் சீரமைப்புத் தவறியதாலோ இருக்கலாம். பெட்டியைத் திறக்காமல் சொல்ல முடியாது. மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையிலுள்ள இறக்கங்களில் எஞ்சினின் பிடியை நம்பி இறங்கும்போது கியர் கழன்றால் வாகனம் திடீரென வேகமெடுக்கும் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லிவிடுங்கள். வைத்தியர் இருக்கும் ஊர் மலைநாடு என்பதால் இதைச் சிறு விடயம் என்று விட வேண்டாம்.

எஞ்சின் இலக்கம் குறித்து நீங்கள் அளவுக்கு மீறிப் பயந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படவில்லை. அந்தக் காலத்து பி.எஸ்.ஏ.களில் செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் தொழிற்சாலையிலேயே வேறுவேறாகத்தான் குத்தப்பட்டன. இரண்டும் ஒன்றாக இல்லை என்று யாராவது குறை சொன்னால் அது அறியாமை. பிரச்சினை, எஞ்சினில் உள்ள இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் ஒத்துப்போகாததுதான். உரிமை மாற்றத்தின்போதோ, வழியில் பொலிஸார் சோதிக்கும்போதோ, அல்லது விபத்தொன்றின் பின்னர் காப்புறுதி நிறுவனம் பார்க்கும்போதோ அது வெளிப்படும், அப்போது விளக்கம் சொல்ல வேண்டியவர் வைத்தியர். ஆகவே விற்பனைக்கு முன்னர், எஞ்சினை வாங்கியதற்கான பற்றுச்சீட்டோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, மாற்றத்தைப் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் விற்றவரைத் தேடிப் பிடித்து எழுத்தில் வாங்குங்கள். பழைய இலக்கத்தை அழித்துவிட்டுப் புத்தகத்தில் உள்ளதைப் புதிதாகக் குத்தித் தருகிறேன் என்று சொல்லும் ஆட்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம். அது திருட்டு வாகனத்துக்குச் செய்யும் வேலை. உங்கள் நேர்மையான வாகனமும் அதன் பிறகு அப்படியே பார்க்கப்படும்.

இதோடு சேர்ந்தது மைத்துனரின் 1942 கதை. அந்த ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின என்பது வரலாறு. பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும் வரை படைகளின் வாகனங்கள் இங்கே ஓடித் திரிந்ததும் உண்மை. உங்கள் எஞ்சின் இலக்கம் டபிள்யூ.எம். 20 என்று தொடங்குமானால் அது போர்க்காலத் தயாரிப்பு என்று சொல்லலாம். ஆனால் அந்த எஞ்சினோ இந்த வாகனத்தோடு பிறந்ததன்று. வாகனம் அன்று எங்கே ஓடியது என்பதை எந்த இலக்கமும் சொல்லாது. கையில் இருப்பது செசி இலக்கம் ஒன்றுதான். பிரித்தானியாவிலுள்ள பி.எஸ்.ஏ. உரிமையாளர் கழகம் அத்தகைய இலக்கங்களைக் கொண்டு தயாரிப்பு ஆண்டுக்குச் சான்று வழங்குகிறது. அதற்கு எழுதிப் பார்க்கலாம். சான்று வரும்வரை விளம்பரத்தில் ஆண்டையும் எழுத வேண்டாம், குண்டுவீச்சையும் எழுத வேண்டாம். கேள்விப்பட்ட கதையாக அதை வைத்தியரிடம் வாயால் சொல்வதில் பிழையில்லை, "கேள்விப்பட்டது" என்ற சொல்லையும் சேர்த்தே சொன்னால்.

வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டும் என்று மைத்துனர் சொல்வதில் பாதி சரி. நான் சட்டத்தரணி அல்லன். தகராறுகளில் மதிப்பீட்டாளனாகச் சாட்சி சொல்லப் போன அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வியாபாரி அல்லாத ஒருவர் தன் பழைய பொருளை விற்கும்போது அதன் தரத்துக்குச் சட்டம் தானாக உத்தரவாதம் ஏற்றுவதில்லை. ஆனால் விவரணம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரணத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் உள்ளது. "முழுமையாகத் திருத்தப்பட்டது", "அசல்", "எந்தத் தூரத்துக்கும் ஓடலாம்" என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லும் விவரணம். அதற்கும் மேலாக, தெரிந்த குறையை வேண்டுமென்றே மூடி வைத்தால் அது மோசடி என்று வழக்காட இடமுண்டு. அந்த இடத்தில் "உள்ளது உள்ளபடி" என்ற வாசகம் உங்களைக் காப்பாற்றாது. வெடிப்பின் மேல் அடித்த பூச்சை நீதிமன்றத்தில் எப்படி விளங்கப்படுத்துவது என்று மைத்துனரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ஃபோர்க்கும் பதிவும் சரியான பிறகு, விளம்பரத்துக்கும் விற்பனைக் கடிதத்துக்கும் ஒரே வாசகத்தைப் பயன்படுத்துங்கள். இப்படி எழுதினால் போதும்: "பி.எஸ்.ஏ. எம் 20, 496 சி.சி. திருத்தப்பட்டு ஓடும் நிலையில் உள்ளது. எஞ்சின் மாற்றப்பட்டது, மாற்றம் பதிவில் சேர்க்கப்பட்டுள்ளது. வெடிப்பிருந்த முன் ஃபோர்க் நீக்கப்பட்டு வேறொன்று பொருத்தப்பட்டுள்ளது. சூடான நிலையில் நிறுத்தினால் ஆறும்வரை கிளம்பாது. மக்னெற்றோவுக்கு வேலை உண்டு. இரண்டாம் கியர் கழல்வதுண்டு. நாட்கணக்கில் நின்றால் ஒயில் எஞ்சினுக்குள் இறங்கும்." இதற்கு மேல் மன்னிப்பும் வேண்டாம், புகழ்ச்சியும் வேண்டாம். வைத்தியர் தமிழ் வாசிக்காதவர் என்றால், அவர் வாசிக்கும் மொழியில் அதே வாசகத்தை எழுதி, அதில்தான் அவர் கையொப்பமிட வேண்டும். நம் ஊரில் பல தகராறுகள், ஒருவர் ஒரு மொழியில் சொன்னதை மற்றவர் இன்னொரு மொழியில் தலையாட்டிக் கேட்டதால் வந்தவை.

விலைக்கு வருகிறேன். ஆறு ஆண்டில் செலவான காசைக் கூட்டி அதையே விலையாகச் சொல்லும் பிழையை, பழைய வாகனத்தைத் திருத்தியவர்களில் அநேகர் செய்கிறார்கள். செலவு வேறு, சந்தை வேறு; ஓடும் நிலையில் உள்ள எம் 20களை மற்றவர்கள் என்ன விலைக்கு உண்மையில் கொடுத்தார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்து அதிலிருந்து தொடங்குங்கள். மக்னெற்றோ, கியர் பெட்டி இரண்டுக்கும் வேலை செய்யக்கூடிய ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை நீங்களே முன்கூட்டிக் கழித்துவிட்டு விலையைச் சொல்லுங்கள். கழித்ததை மதிப்பீட்டுத் தாளோடு காட்டினால், அதே குறைகளைச் சொல்லி அவர் இரண்டாம் தடவை குறைக்க முயன்றால் நீங்கள் மரியாதையாக மறுக்கலாம். எஞ்சின் மாறியதற்கு மதிப்பீட்டுத் தாள் கிடையாது. சேகரிப்பவர்கள் அதற்குக் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார்கள், ஓட விரும்புபவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள். அங்கே இறங்கிக் கொடுக்க மனத்தில் ஓர் இடம் வைத்திருங்கள். புதிய ஃபோர்க்கின் செலவை மட்டும் அவர்மேல் ஏற்ற வேண்டாம், அது நீங்கள் எப்படியும் செய்திருக்க வேண்டிய வேலை.

கடதாசி வேலையில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாங்குபவரின் பெயரும் திகதியும் இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கும் திறந்த ஆவண விற்பனைக்கு உடன்பட வேண்டாம். அப்படிக் கொடுத்த ஒருவரின் வாகனம் மூன்று கை மாறி ஓரிடத்தில் விபத்துக்குள்ளாகி, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பொலிஸார் அவர் வீட்டுப் படலைக்கு வந்து நின்றதை நான் அறிவேன். பதிவில் அவர் பெயர்தான் இருந்தது. உரிமை மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6 படிவத்தையும், விற்றவர் அறிவிக்கும் எம்.டி.ஏ. 8 படிவத்தையும் இருவரும் நேருக்கு நேர் இருந்து நிரப்புங்கள். 14 நாட்களுக்குள் உங்கள் அறிவித்தலைப் பதிவுத் தபாலில் திணைக்களத்துக்கு அனுப்பி, துண்டை வைத்திருங்கள். விற்பனைக் கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதி, ஒப்படைத்த நாளோடு மணியையும் குறியுங்கள். மாலை மூன்று மணிக்குக் கொடுத்த வாகனம் ஐந்து மணிக்கு எங்காவது மோதினால் அந்த மணிக்கணக்குத்தான் பேசும். அவருடைய அடையாள அட்டைப் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் அன்றைய நாளில் செல்லுபடியாக இருக்குமா என்று அதற்கு முந்திய வாரமே பாருங்கள்.

இன்னொரு சிறு விடயம். இந்த மோட்டார் சைக்கிளின் நட்டுகள் மில்லிமீற்றர் கணக்கில் செய்யப்பட்டவை அல்ல. உங்களிடம் உள்ள பழைய அங்குலக் கணக்குச் சாவிகளையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் கண்டியில் யாராவது பொருந்தாத சாவியைப் போட்டு நட்டுகளின் முனையை உருட்டிவிடுவார்கள். கடற்கரையோரம் உப்புக்காற்றில் நின்ற வாகனம் என்பதால், பெற்றோல் தாங்கியின் அடிப்பக்கத்தையும் சில்லுக் கம்பிகளையும் அவர் வரும்போது நீங்களாகவே விளக்குப் பிடித்துக் காட்டுங்கள். திருத்திய காலத்தில் எடுத்த படங்கள், வாங்கிய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுங்கள். மைத்துனரின் உழைப்பு அவற்றில்தான் தெரியும். தான் செய்த வேலையை எடுத்து விளக்கும் பொறுப்பை அன்று அவரிடமே விடுங்கள்.

கழற்றிய பழைய ஃபோர்க்கை விற்பனையோடு சேர்த்துக் கொடுக்கவும் வேண்டாம், பின்கட்டில் சாத்தி வைக்கவும் வேண்டாம். பூச்சு நன்றாக இருப்பதால் என்றாவது ஒருநாள் யாராவது அதை எடுத்து வேறொரு வாகனத்தில் பொருத்திவிடுவார்கள். நான்கு குழாய்களையும் நடுவில் வாளால் அறுத்துவிட்டுப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.